ஒன்பது தையல்

சென்ற மாதம் எங்கள் கடையில் இரண்டு கைப்பைகள் விற்றுப்போயின. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டும் கறுப்பு. ஒன்று என்ன விலைக்குப் போனதோ அதில் சரிபாதிக்குத்தான் மற்றது போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டினால், பாதி விலைக்குப் போனதைத்தான் அழகானது என்பார். அது கொஞ்சம் குழைந்து, கைக்கு இசைந்து, நாலு இடம் போய்வந்த களையோடு இருந்தது. மற்றது பெட்டியிலிருந்து எடுத்த விறைப்போடு இருந்தது. அதன் பூட்டின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கைக்கூட யாரும் உரிக்கவில்லை. நகத்தளவுகூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக்குக்குத்தான் அத்தனை விலை.

பெரிய கம்பெனிகளின் பழைய கைப்பைகளைத் தரம் பார்ப்பது என் வேலை. வேண்டாம் என்று நினைப்பவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் சோதித்து, ஏ, பி, சி என்று தரம் போட்டு, சீட்டு எழுதி, படம் எடுத்து இணையப் பக்கத்தில் ஏற்றுவோம். விற்றால் எங்களுக்கு ஒரு பங்கு. ஏழு வருடமாக இதைச் செய்கிறேன். ஆனாலும் ஒரு பைக்கு விலை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்காரும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு பை வந்து அதைப் பொய்யாக்கிவிடும்.

இதற்கென்றே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். மூலை தேய்ந்தால் விலை இறங்கும். உள்ளே சிகரெட் வாசனை வந்தால் தடாலென்று இறங்கும். சொந்தக்காரர் ஆசையாகத் தன் பெயரின் முதல் எழுத்தைத் தோலில் பொறித்திருந்தால், அந்த ஆசைக்கே ஒரு அபராதம். கம்பெனி புதுப் பையின் விலையை ஏற்றினால் அலமாரியில் தூங்கும் பழையதும் ஏறும். ஒரு பச்சை நிறப் பை இரண்டு வருடம் எங்கள் அலமாரியில் சீந்துவாரற்றுக் கிடந்தது. அந்தப் பச்சையை இனி போடமாட்டோம் என்று கம்பெனி அறிவித்த வாரம், மூன்று பெண்கள் அதற்காகத் தொலைபேசியில் என்னிடம் சண்டை போட்டார்கள். பை அப்படியேதான் இருந்தது. நானும் அப்படியேதான் இருந்தேன்.

என் முதலாளி முன்பு பழைய கார் விற்றவர். பையைக் கையில் வாங்கியதும், "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பார். மூலை தேய்ந்திருந்தால் டயர் போச்சு, பூட்டு மங்கியிருந்தால் பெயின்ட் போச்சு. பொருள்களிலேயே இது ஒன்றுதான் ஓடாமல் இருந்தால் மதிப்பு என்று அவர் அடிக்கடி ஆச்சரியப்படுவார். கடையில் தரம் பார்ப்பவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவரை நாங்கள் மூக்குக்காரர் என்போம். பையைத் திறந்து முகத்தை உள்ளே விட்டார் என்றால், அது ஈர அலமாரியில் இருந்ததா, கார் டிக்கியில் இருந்ததா, போன வாரம்தான் சென்ட் அடித்து ஏமாற்றப் பார்த்தார்களா என்று சொல்லிவிடுவார். இன்னும் மூன்று வருடம் ஓட்டிவிட்டால் ஓய்வு என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மனிதர். அவர் பார்த்ததை நான் மறுபடி பார்ப்பேன், நான் பார்த்ததை அவர் பார்ப்பார். முதலில் பார்த்தவரின் கையெழுத்துதான் சீட்டில் இருக்கும்.

வீட்டில் என் பெயர் லென்ஸ். வைத்தது அண்ணி. நாத்தனார் என்றாலே குறை கண்டுபிடிப்பவள்தான், இவளுக்கு அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அண்ணன் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரம் தூங்குவான், விழித்திருந்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்தவன். அண்ணி ஆடை திருத்தும் தையல்காரி. நீளமான பேன்ட்டைக் குட்டையாக்குவது, இறுக்கமான சட்டையைத் தளர்த்துவது, கிழிந்ததைக் கிழியாதது போலாக்குவது. பதினோரு வருடம் ஒரு துணிக்கடையின் பின்னறையில் செய்தாள். அது மூடியபிறகு, ஐந்து வருடமாக ஒரு பெரிய கடையின் நிலவறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், இன்னும் நான்கு பேரோடு செய்துகொண்டிருந்தாள். வீட்டுக் கூடத்திலும் ஒரு மெஷின் உண்டு. நான் அதில் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

இரண்டு தெரு தள்ளி முடிவெட்டுபவர் தன் கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்கு விடப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அண்ணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். ஆனால் ஒரு வருட வாடகையை முன்கூட்டியே வைக்க வேண்டும். சாவி வெட்டும் ஆள் ஒருவரும் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாதக் கடைசிவரை பொறுக்கிறேன், அதற்குள் யார் முன்பணம் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு என்று சொல்லியிருந்தார் முடிவெட்டுபவர்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மாலை, துணி தேய்த்துக்கொண்டே அண்ணி என் வாயைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒரு பைக்கு எதை வைத்து விலை போடுவீர்கள் என்றாள். நான் என் குறிப்பேட்டை ஏறக்குறைய முழுவதும் ஒப்பித்தேன். மூலை, வாசனை, நிறம், பெட்டி, ரிப்பன், துணி உறை, பில். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, நான் எதையோ சொல்லாமல் விட்டது போல் பார்த்தாள்.

"தையலுக்கு எவ்வளவு மார்க்?"

தையலுக்கு மார்க் கிடையாது, பிரிந்திருந்தால்தான் குறைப்போம் என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நல்லா இருந்தா ஒண்ணுமில்ல, கெட்டா மட்டும் குறைப்பீங்க. நல்ல நியாயம்."

பிறகு உள்ளே போய், போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். ரிப்பன் கட்டிய பெட்டி. உள்ளே துணி உறை. உறைக்குள் காப்பிக்கொட்டை நிறத்தில், நடுத்தர அளவில், ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிற அந்த மாடல். பழைய துணிக்கடையின் முதலாளியம்மா கடையை மூடிவிட்டு மகளோடு போய்விட்டபோது வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தாராம். துணி வெட்டுபவருக்கு மேஜை, அண்ணிக்கு இது. ஐந்து வருடம் இந்தப் பை இதே வீட்டில் இருந்திருக்கிறது. ஊர்ப் பைகளை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டினா குறை சொல்லுவே."

ஏன் ஒரு நாளாவது தோளில் மாட்டவில்லை என்றும் கேட்டேன். இதை மாட்டிக்கொண்டு நிலவறைக்குப் போனால், பேன்ட் திருத்த வருகிறவர்கள் தன்னைக் கடை முதலாளி என்று நினைத்து வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்றாள். பாதி விளையாட்டு, பாதி உண்மை. நான் மூலைகளைத் தடவிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தன. பொறித்த எண் சரி. பூச்சி உருண்டை போட்டு வைக்காத புண்ணியவதியை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். முன்பணம் போக ஒரு நல்ல மெஷினும் வரும். அதைச் சொன்னதும் அண்ணி தேய்த்த சட்டையையே எடுத்து மறுபடி தேய்த்தாள்.

அன்றைக்கு நான் கைப்பிடியின் அடியைப் பார்க்கவில்லை. விலை என் கண்ணை மறைத்துவிட்டது.

உறவுக்காரர் பையை நாம் தரம் பார்க்கக் கூடாது என்பது கடையில் விதி. அதனால் மூக்குக்காரர்தான் பார்த்தார். முகத்தை உள்ளே விட்டு, போர்வை வாசனை, சுத்தமான வீடு என்றார். லென்ஸை வைத்து மூலை, பூட்டு, ஜிப், பொறிப்பு எல்லாம் பார்த்தார். கைப்பிடியையும் பார்த்தார். ஏ என்று போட்டுக் கையெழுத்து வைத்தார். முதலாளி எட்டிப் பார்த்து, ஷோரூம் வண்டி என்றார். நான் மறுபார்வை பார்க்கவும் கூடாது என்பதால், படம் எடுப்பதும் சீட்டின் மிச்சத்தைப் பூர்த்தி செய்வதும் மட்டும் எனக்கு. மறுநாள் மதியத்துக்குள் பக்கத்தில் ஏற்ற வேண்டும்.

படம் எடுக்கும் மேஜையில் பையை வைத்தால், எதிரே திரையில் அது பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். கைப்பிடி பையோடு சேரும் இடத்தை ஒழுங்காக்க இடது கையால் பிடித்துக்கொண்டேன். திரையில் கைப்பிடியும் தெரிந்தது, என் மேல்கோட்டின் கைமடிப்பும் தெரிந்தது. அந்தக் கோட்டின் கை நீளம் என்று அண்ணிதான் போன வருடம் குறைத்துக் கொடுத்திருந்தாள்.

இந்தப் பைகளை இரண்டு ஊசி, ஒரே நூல் வைத்துக் கையால் தைப்பார்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடந்து போகும். எந்த ஊசி முதலில் போகிறதோ அதற்கேற்ப ஒவ்வொரு தையலும் லேசாக ஒரு பக்கம் சாயும். அந்தப் பையில் எல்லாத் தையலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. கைப்பிடியின் ஒரு காலடியில் மட்டும் ஒன்பது தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. என் கைமடிப்பில் இருந்த தையலும் அதே பக்கம், அதே சாய்வு. எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொத்தானும், ஒவ்வொரு தலையணை உறையும், அண்ணனின் கிடங்குச் சட்டைப் பையும் அப்படித்தான் சாய்ந்திருக்கும். அண்ணி இடதுகைக்காரி.

எண்ணிப் பார்த்தேன், மறுபடி எண்ணினேன். நூல் அதே நூல், அதே பழுப்பு, பழைய துளைகள். கம்பெனிக்காரனின் தையலில் ஒன்று இறுகியும் ஒன்று தளர்ந்தும் இருந்தது, மனிதக் கை அப்படித்தான். இந்த ஒன்பதும் ஒரே இறுக்கம். வேறு வீட்டில் இருக்கிற யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மூக்குக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனது வரவில்லை. சீட்டை மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினேன்.

அண்ணி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"அந்தக் கைப்பிடியைத் தைச்சது நீங்கதானே?"

கத்தி நின்றது. நான் எதிர்பார்த்தது பயம். அவளுக்கோ வாயெல்லாம் பல். "உங்க மூக்குக்காரர் பார்த்தாரா?"

பார்த்தார், ஏ போட்டார் என்றேன்.

"லென்ஸ் வெச்சா?"

"லென்ஸ் வெச்சுத்தான்."

ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. முதலாளியம்மா கொடுத்தபோதே கைப்பிடியின் ஒரு கால் பிரிந்து தொங்கியதாம். பிரிந்ததைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது, கொண்டுவந்த அன்றே தைத்துவிட்டாள். நூல்தான் கிடைக்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, எந்த நூலும் ஒத்துவராமல், கடைசியில் பையின் உள்மடிப்பில், யாரும் பார்க்காத இடத்தில், தேவைக்கு மேல் விட்டிருந்த நூலை உருவி எடுத்துத் தைத்தாளாம். பழைய துளைகளையே ஊசியால் தேடித் தேடிப் போட்டாளாம். இதை அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல் இருந்தது. அதனால்தான் அடுத்ததைச் சொல்வதற்குக் கொஞ்சம் தாமதித்தேன்.

வெளியாள் கை பட்டது தெரிந்தால் விலை பாதியாகிவிடும் என்றேன்.

"நான் தைச்சதுல என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க தைச்சதுதான் குறை."

அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. எனக்கும் அதை முழுதாக விளக்கத் தெரியவில்லை. இந்தப் பையை வாங்குகிறவர்கள் தோலுக்கோ நூலுக்கோ பணம் கொடுப்பதில்லை, இன்னார் கை மட்டும்தான் பட்டது என்பதற்குக் கொடுக்கிறார்கள் என்றேன். வேறு கை பட்ட பையை அந்தக் கம்பெனி பழுதுபார்க்க வாங்கவே வாங்காது என்றேன். அந்தக் கை இவர்கள் கையைவிட நல்லா இருந்தாலுமா என்று கேட்டாள். இருந்தாலும்தான் என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. அவளுக்கு அந்த ஜன்னல் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, கூடத்திலிருந்து அந்த மெஷின் ஒழிய வேண்டும் என்றும் ஆசை. யாருக்கும் தெரியாது, நானும் சொல்லப் போவதில்லை, நீங்களும் வாயைத் திறக்காதீர்கள் என்றேன். அவள், பின்னால் எப்போதாவது தெரிந்தால் யாருக்குக் கஷ்டம் என்று கேட்டாள். இதை அவள் கேட்கக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வாங்கியவர் பழுதுபார்க்கக் கம்பெனிக்கு அனுப்பினால் அவர்கள் ஆள் பிரித்துப் பார்ப்பான், பை திரும்பி வரும், சீட்டில் யார் கையெழுத்து என்று முதலாளி பார்ப்பார் என்றேன்.

"மூக்குக்காரர் கையெழுத்து."

ஆமாம் என்றேன். அவள் எழுந்து மிச்சக் காயை நறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் கடைக்கு வந்து நின்றாள், கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல். நான் அப்போதுவரை சீட்டை டிராயரிலிருந்து எடுக்கவில்லை. எடுத்து மதியத்துக்குள் ஏற்றிவிடுவதா, மூக்குக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதா என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மூக்குக்காரரிடம் போய், தான்தான் பையின் சொந்தக்காரி என்று சொல்லி, அதை எடுக்கச் சொன்னாள். இதில் தான் தைத்த இடம் ஒன்று இருக்கிறது, எங்கே என்று சொல்லுங்கள் என்றாள்.

மூக்குக்காரருக்கு வியர்த்துவிட்டது. பையைப் புரட்டினார், லென்ஸை மாற்றினார், விளக்கை இழுத்தார். சத்தம் கேட்டு முதலாளியும் வந்தார். இருவருமாகக் கால்மணி நேரம் தேடினார்கள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவளே விரல் வைத்துக் காட்டினாள். காட்டியபிறகும் முதலாளிக்குத் தெரியவில்லை, நான் திரையில் பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருந்தது. மூக்குக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முதலாளி திரையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கார் விற்ற காலத்துப் பார்வை அது என்று எனக்குத் தெரியும். பின்னறை அலமாரியில் தையல் விட்டுப்போன பைகள் பதின்மூன்று கிடக்கின்றன, ஒவ்வொன்றையும் இதே மாதிரி செய்துகொடுத்தால், நான் முன்பே அவரிடம் சொல்லியிருந்த அந்த அறைக்கு ஒரு வருடம் அல்ல, இரண்டு வருடத்துக்கு முன்பணம் தருவதாகச் சொன்னார். இந்தப் பையையும் ஏ தரத்திலேயே விற்றுத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, இந்த அறையில் இருக்கும் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

ஒத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளுக்குள் கத்தினேன். ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றும் கத்தினேன். இரண்டும் உண்மை.

அண்ணி ஒரே கேள்விதான் கேட்டாள். சீட்டில் தான் தைத்ததாக எழுதுவார்களா என்று. முதலாளி சிரித்துவிட்டார். எழுதினால் பிறகு என்ன பிரயோஜனம் என்றார்.

"பதினாறு வருஷமா இதே கதைதான் சார்" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. "நான் தொட்டது யாருக்கும் தெரியாம இருந்தாத்தான் என் வேலை நல்ல வேலை. தெரிஞ்சுதுன்னா கெட்ட வேலை. ஒரு தடவையாவது தெரியட்டும். எழுதிக்கொடுங்க."

பாதி விலைதான் வரும் என்றார் முதலாளி. நாத்தனார் சொன்னாள் என்றாள் அண்ணி.

முதலாளி தோளைக் குலுக்கிவிட்டு, எழுது என்று என்னிடம் கையைக் காட்டினார். நான் டிராயரிலிருந்து சீட்டை எடுத்தேன். எங்கள் சீட்டில் பாராட்ட இடம் கிடையாது. கீழே ஒரே ஒரு கட்டம்தான், அதன் தலைப்பு குறைகள். ஏழு வருடமாக அந்தக் கட்டத்தில் கறை, கீறல், தேய்வு, நாற்றம் என்று எழுதி எழுதி என் எழுத்தே சிடுசிடுப்பாகிவிட்டது. மூக்குக்காரர் போட்ட ஏ-யை அடித்து பி என்று எழுதினேன். கட்டத்தில் இப்படி எழுதினேன்: கைப்பிடியின் இடது காலடியில் ஒன்பது தையல் பின்னால் போடப்பட்டவை. போட்டவர் ஆடை திருத்தும் தையல்காரி. அசலைவிட நேர்த்தி.

முதலாளி வாங்கிப் படித்தார். "இது குறைச் சீட்டா, சிபாரிசுக் கடிதமா?"

கண்ணில் பட்டதை எழுதுவதுதான் என் வேலை என்றேன். கடைசி வரியை அடிக்கச் சொன்னார். நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் இன்னொரு முறை சொல்ல வாயெடுப்பதற்குள், மூக்குக்காரர் எழுந்துவந்து அந்தச் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அண்ணியைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டினார். சீட்டுக்கு இரண்டு நகல். வெள்ளை கடைக்கு, மஞ்சள் விற்பவருக்கு. மஞ்சளைக் கிழித்து அண்ணியிடம் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து, அளவு நாடாவோடு சேர்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, இடைவேளை முடிந்துவிட்டது என்று ஓடினாள்.

பை நான்கு நாளில் விற்றது. பாதி விலைக்கு இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே. இந்த மாதிரிப் பைகள் பாதிக்கு மேல் ஒரு காசு போய் நான் பார்த்ததில்லை. அந்தக் கொஞ்சம் எதற்காக வந்தது? நிறத்துக்கா, போர்வை வாசனைக்கா, இல்லை முகம் தெரியாத யாரோ ஒருத்தி அந்தக் கட்டத்தைக் கடைசி வரிவரை படித்தாளா? வாங்கியவள் கேட்ட ஒரே கேள்வி, தோளில் மாட்ட நீளம் போதுமா என்பதுதான். குறிப்பேட்டில் அந்தத் தொகையை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

பாதி முன்பணத்தோடு அண்ணி முடிவெட்டுபவரிடம் போனாள். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. சாவி வெட்டுபவரிடமும் பாதிதான் சேர்ந்திருந்ததாம். நடுவில் பலகை அடித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், என் தலைவலி தீரும் என்றார் முடிவெட்டுபவர். ஜன்னல் யாருக்கு என்று கொஞ்சம் இழுபறி. சாவி வெட்டுபவரின் பேன்ட் இடுப்பில் நிற்காமல் அவர் பேசும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டே இருந்ததை அண்ணி கவனித்திருக்கிறாள். ஜன்னல் இப்போது அண்ணி பக்கம். அவர் பேன்ட்டும் இடுப்பில் நிற்கிறது. பலகைக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் சாவி அரைக்கும் சத்தம் பல்லைக் கூசவைக்கிறது. இரண்டு வருட முன்பணத்தை அவள் வேண்டாம் என்று சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் சில நாள் எரிச்சல் வரும். கூடத்தில் மெஷின் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாலும் எதிலாவது இடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கும்.

போன வாரம் மாலை வேலை முடிந்து அந்தப் பக்கம் போனேன். உள்ளே ஒரு அம்மா கோட்டைத் திருத்தக் கொடுத்துவிட்டு, சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தை எட்டிப் படித்துக்கொண்டிருந்தார். குறைகள் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு இருப்பதைப் பார்த்து, இதை ஏன் கடையில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அண்ணி வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டுச் சொன்னாள். "என் நாத்தனார் எழுதினது. எதை எடுத்தாலும் குறை கண்டுபிடிக்கிறவ. அவளுக்கே இதுல கிடைக்கல."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவரில் அந்தச் சீட்டு நேராக இல்லை. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஒட்டியிருந்தது. நான் அதை நேராக்கப் போகவில்லை.